பிக்கப் வண்டிக்கு ரயில் ஹாரன்: கம்ப்ரசரைக் கடைசியில் வாங்குங்கள்

அமெரிக்காவில் எஃப்-150, சில்வராடோ, ராம் போன்ற பிக்கப் வைத்திருப்பவர்கள் ரயில் ஹாரன் மாட்ட ஆசைப்பட்டதும் முதலில் தேடுவது கம்ப்ரசரைத்தான். பணம் வீணாகத் தொடங்குவதும் அங்கேதான். ஹாரனை ஊதுவது டேங்கில் அடைத்து வைத்திருக்கும் காற்று. கம்ப்ரசரின் வேலை, ஊதி முடித்த பிறகு அந்த டேங்கை மறுபடி நிரப்புவது மட்டுமே. நிமிடத்துக்கு 50 லிட்டர் தள்ளும் 12 வோல்ட் கம்ப்ரசரால், நொடிக்கே 14 லிட்டரோ 28 லிட்டரோ இழுக்கும் ஹாரனுக்கு நேரடியாக ஈடு கொடுக்க முடியாது.

அதனால் கணக்கை ஹாரனிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். எந்த ஹாரன், எத்தனை நொடி ஊத வேண்டும், அதற்கு எத்தனை லிட்டர் டேங்க், அதை எவ்வளவு நேரத்தில் நிரப்ப வேண்டும், அதற்கு எந்தக் கம்ப்ரசர், அந்தக் கம்ப்ரசருக்கு எந்த ஒயர். இந்த வரிசையில் போனால் எதையும் இரண்டு முறை வாங்க வேண்டியிருக்காது.

வாங்கும் முன்: சட்டமும் காதும்

வண்டியோடு வந்த ஹாரனைக் கழற்றாதீர்கள். சாலையில் சட்டப்படியான ஹாரன் அதுதான். டெக்சஸ், கலிபோர்னியா இரண்டு மாநிலச் சட்டங்களும் ஒரே மாதிரி பேசுகின்றன: ஹாரன் 200 அடி தூரத்துக்குக் கேட்க வேண்டும், ஆனால் தேவைக்கு மீறிய சத்தமோ கடூரமான ஒலியோ கூடாது, பாதுகாப்புக்குத் தேவைப்படும்போது மட்டுமே அடிக்க வேண்டும். ரயில் ஹாரனுக்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானோடு அதை இணைக்க வேண்டாம். உங்கள் மாநிலமும் ஊரும் என்ன சொல்கின்றன என்பதை மாட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி பல சுர ஹாரனையும், காதைக் கிழிக்கும் ஹாரனையும் தடை செய்கிறது. ஊரில் இருக்கும் தம்பிக்கு ஒன்று வாங்கி அனுப்பலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

சத்தத்தின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்க மத்திய ரயில் நிர்வாகத்தின் விதிப்படி, ரயில் எஞ்சினுக்கு 100 அடி முன்னால் ஹாரன் சத்தம் 96 டெசிபலுக்குக் குறையவும் கூடாது, 110 டெசிபலைத் தாண்டவும் கூடாது. தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் கூடும். 100 அடியில் 110 என்றால் 50 அடியில் 116, 25 அடியில் 122, 12 அடிச் சுமாரில் 128, 6 அடியில் 134. தொழிலிடப் பாதுகாப்புக்காக அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் அளவோ 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். 110 டெசிபலுக்கு ஒரு நாளில் ஒன்றரை நிமிடம்தான். வண்டிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும்போது, அதுவும் குழந்தை நிற்கும்போது, ஒரு முறை அழுத்தினாலே காது நிரந்தரமாகக் கெடலாம். சோதித்துப் பார்க்கும் நாளில் காதடைப்பான் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

முதல் படி: எந்த ஹாரன்

கடையில் "ரயில் ஹாரன்" என்ற பெயரில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, லாரி ஏர் ஹாரனை மூன்று நான்காகச் சேர்த்துக் கட்டிய நகல். குழல்கள் மெல்லிய உலோகமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். எடை குறைவு, காற்றும் குறைவாகவே இழுக்கும். மற்றொன்று எஞ்சினில் உண்மையாகவே மாட்டுகிற வார்ப்பு அலுமினிய ஹாரன்: நேதன் ஏர்சைம் நிறுவனத்தின் கே3எல்ஏ, கே5எல்ஏ, லெஸ்லி நிறுவனத்தின் ஆர்எஸ்-3எல் போன்றவை. கே5எல்ஏ-யில் ஐந்து குழல்கள், ஏறத்தாழ 311, 370, 415, 494, 622 ஹெர்ட்ஸ் சுரங்களில் ஒன்றாக ஒலிக்கும். அமெரிக்காவில் பயணிகள் ரயிலின் சத்தம் என்று பலர் காதில் பதிந்திருப்பது இந்தக் கூட்டுச் சுரம்தான்.

இரண்டுக்கும் காற்றுத் தேவை ஒன்றல்ல. அசல் ஹாரனுக்கு முக்கியம் அழுத்தத்தைவிடக் காற்றின் அளவு. அகலமான குழாயில் 100 பிஎஸ்ஐ (அழுத்த அலகு: சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வந்தால் நன்றாகப் பாடும். ஒல்லியான குழாயில் 150 பிஎஸ்ஐ கொடுத்தால், சில குழல்கள் பேச மறுத்து, சுரம் உடைந்து இழுக்கும். ஹாரனோடு வரும் தாளில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: வேலை செய்யும் அழுத்தம், தாங்கும் உச்ச அழுத்தம், காற்று நுழையும் துளையின் மரை அளவு. அந்தத் துளை கால் அங்குலம் என்றால் அது பெரும்பாலும் சிறு ஹாரன். அரை அங்குலமோ அதற்கு மேலோ என்றால் பெரிய டேங்குக்கு இடம் பார்த்து வையுங்கள்.

இரண்டாம் படி: டேங்க் கணக்கு

முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பொறுமையாகப் போடுங்கள்.

டேங்கின் அளவை லிட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள் (ஒரு அமெரிக்க கேலன் சுமார் 3.8 லிட்டர்). அதை, ஊதத் தொடங்கும் அழுத்தத்துக்கும் நிறுத்தும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, 14.7-ஆல் (வெளிக்காற்றின் சாதாரண அழுத்தம், பிஎஸ்ஐ-யில்) வகுங்கள். கையில் உண்மையாகக் கிடைக்கும் காற்று எத்தனை லிட்டர் என்று வந்துவிடும்.

5 கேலன் டேங்க், அதாவது 19 லிட்டர். 145 பிஎஸ்ஐ-யில் தொடங்கி 95-இல் நிறுத்துகிறோம். 19 × 50 ÷ 14.7 = 65 லிட்டர். நொடிக்கு 14 லிட்டர் இழுக்கும் ஹாரன் என்று வைத்துக்கொண்டால் நாலரை நொடிக்குச் சற்று மேல். 28 லிட்டர் இழுக்கும் ஹாரன் என்றால் இரண்டே கால் நொடி. இந்த 14, 28 இரண்டும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஹாரனுக்குத் தயாரிப்பாளர் என்ன எண் கொடுக்கிறாரோ அதைப் போடுங்கள். அவர் கொடுக்கவில்லை என்றால், ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஒருவரிடம் டேங்க் அளவையும், இரண்டு நொடி ஊதினால் அழுத்த மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கேளுங்கள். அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் விடை வந்துவிடும்.

95-க்குக் கீழே ஏன் இறங்கக் கூடாது? ஊத முடியாமல் போகாது. ஆனால் சத்தம் இளைக்கும், பெரிய குழல்கள் பின்தங்கும். அந்த இடத்தை உபயோகமான காற்றின் எல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: டேங்க் வேகமாகக் காலியாகும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து அழுத்தம் கூடுதலாக இறங்கும். ஊதி நிறுத்திய சிறிது நேரத்தில் முள் தானாகவே கொஞ்சம் ஏறுவதைப் பார்க்கலாம். அதனால் கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைவான நொடிகளையே எதிர்பாருங்கள்.

இப்போது, புதியவர்கள் எல்லோரும் தவற விடும் இடம். 145 என்பது டேங்க் நிறைந்திருக்கும்போது உள்ள எண். பிரஷர் ஸ்விட்ச் 110-இல் கம்ப்ரசரைத் தொடக்கி 145-இல் நிறுத்துகிற வகை என்றால், டேங்க் 112-இல் நிற்கும்போதும் கம்ப்ரசர் ஓடாது. ஸ்விட்ச்சுக்கு இன்னும் வேளை வரவில்லை. அந்த நேரத்தில் ஊதினால் 112-லிருந்து 95 வரை, 17 பிஎஸ்ஐ மட்டுமே மிச்சம். 19 × 17 ÷ 14.7 = 22 லிட்டர். நாலரை நொடி என்று நம்பியிருந்தவருக்குக் கிடைப்பது ஒன்றரை நொடி. ஆகவே கணக்கை எப்போதும் கம்ப்ரசர் தொடங்கும் அழுத்தத்திலிருந்து போடுங்கள். அந்த நிலையிலும் உங்களுக்கு வேண்டிய நொடிகள் வந்தால் அதுதான் சரியான டேங்க்.

ரயில்வே கிராசிங்கில் எஞ்சின் ஓட்டுநர் அடிக்கும் இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் என்ற வரிசையை அப்படியே அடிக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்தச் சமிக்ஞை கிராசிங்குக்கு 15 முதல் 20 நொடி முன்பே தொடங்க வேண்டும் என்பது ரயில் விதி. அதில் 12 நொடி காற்று ஓடுகிறது என்று கொண்டால், நொடிக்கு 14 லிட்டர் ஹாரனுக்கு 168 லிட்டர் வேண்டும். 50 பிஎஸ்ஐ இறக்கத்தில் அதைத் தர 50 லிட்டர் டேங்க் தேவை, அதாவது 13 கேலன். பெரிய ஹாரனுக்கு அது 100 லிட்டர் ஆகும். பிக்கப்பின் பின்தட்டில் நிறைய இடம் போய்விடும். 5 கேலன் டேங்கோடு இந்த ஆசையை வைத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான ரயில் பாதைக்கு அருகே அதை ஒருபோதும் அடிக்காதீர்கள். ரயில் வருகிறது என்று நம்பி யாராவது சடன் பிரேக் போடுவார்.

டேங்க் வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் உச்ச வேலை அழுத்தத்தைப் பாருங்கள். சேஃப்டி வால்வு திறக்கும் அழுத்தம் அந்த எண்ணுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்க வேண்டும். 150 பிஎஸ்ஐ டேங்கில் 175 பிஎஸ்ஐ சேஃப்டி வால்வு மாட்டினால் அது காவலே இல்லை. 145-இல் நிற்கும் அமைப்புக்கு 200 பிஎஸ்ஐ டேங்க், 175 பிஎஸ்ஐ சேஃப்டி வால்வு என்பது நல்ல ஜோடி. பழைய கேஸ் சிலிண்டர், தீயணைப்பான் உருளை, பிவிசி குழாய் எதையும் டேங்காக மாற்றாதீர்கள். பிவிசி அழுத்தக் காற்றில் உடைந்தால் கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கும்.

ஹாரனுக்குப் போகும் துளை குறைந்தது அரை அங்குலமாகவும், அடிப்பாகத்தில் தண்ணீர் வடிக்கும் துளை ஒன்றும் இருக்க வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் வேறு டேங்க் பாருங்கள்.

மூன்றாம் படி: இப்போது கம்ப்ரசர்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது உச்ச பிஎஸ்ஐ. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும்: எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று, எந்த அழுத்தத்தில் எவ்வளவு டியூட்டி சைக்கிள்.

டியூட்டி சைக்கிள் என்பது ஓடும் நேரத்துக்கும் ஓய்வுக்கும் உள்ள பங்கு. 33 சதவீதம் என்றால் அரை மணி நேரத்தில் 10 நிமிடம் ஓடலாம், 20 நிமிடம் ஆற வேண்டும். வயேர் நிறுவனத்தின் 400சி இந்த வகை: உச்சம் 150 பிஎஸ்ஐ, 100 பிஎஸ்ஐ-யில் 33 சதவீதம். அதே நிறுவனத்தின் 444சி 200 பிஎஸ்ஐ வரை போகும், 100 பிஎஸ்ஐ-யில் 100 சதவீதம். அந்த "100 பிஎஸ்ஐ-யில்" என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். அழுத்தம் ஏற ஏற அந்தச் சதவீதம் இறங்கும். தவிர அந்த எண் 22 டிகிரி செல்சியஸ் அறையில் எடுத்தது. பீனிக்ஸ் நகரில் ஜூலை மாதம், சூடான தார்ச் சாலைக்கு ஓரடி மேலே தொங்கும் கம்ப்ரசருக்கு அதை அப்படியே நம்ப முடியாது.

காற்றின் அளவும் அப்படித்தான். நிமிடத்துக்கு 50 லிட்டர் (சுமார் 1.76 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்குக் கன அடி) என்பது எதிர்ப்பே இல்லாமல், திறந்த வாயில் தள்ளும் அளவு. 110 பிஎஸ்ஐ-க்கு எதிராகத் தள்ளும்போது அது 30 லிட்டருக்கு இறங்கினால் ஆச்சரியமில்லை. அழுத்தத்துக்கு ஏற்ற அட்டவணையை வெளியிடும் நிறுவனத்தின் கம்ப்ரசரை வாங்குங்கள். அட்டவணையே இல்லாத கம்ப்ரசரை விலைக்காக வாங்க வேண்டாம்.

இதைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 19 லிட்டர் டேங்கில் 50 பிஎஸ்ஐ இழந்த 65 லிட்டரை, நிமிடத்துக்கு 30 தள்ளும் கம்ப்ரசர் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்து நிரப்பும். அழுத்தத்தில் 14 லிட்டர் மட்டும் தள்ளும் சின்னக் கம்ப்ரசருக்கு நாலரை நிமிடம் ஆகும். 33 சதவீத வகை என்றால் அதன் பிறகு ஒன்பது நிமிட ஓய்வு. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று முறை ஊதுகிறவருக்கு இதுவே போதும். 100 சதவீத வகைக்கோ இரட்டைக் கம்ப்ரசருக்கோ செலவழிக்க வேண்டியதில்லை.

சின்னக் கம்ப்ரசருக்கு ஆபத்து முதல் நிரப்பில்தான். 10 கேலன் டேங்கைப் பூஜ்யத்திலிருந்து 145 வரை கொண்டுபோக 375 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்குச் சராசரி 17 லிட்டர் தள்ளுகிறது என்றால் 22 நிமிடம் விடாமல் ஓட வேண்டும். 33 சதவீத வகைக்கு அனுமதி 10 நிமிடம். நடுவில் வெப்பத் தடுப்பு வந்து அது நின்றுபோகும், உடனே வாங்கியவர் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார். பழுது இல்லை, டேங்குக்கு அது சிறியது. முதல் நிரப்பை மூன்று தவணையாகச் செய்யுங்கள்.

அதைவிட அடிக்கடி ஊதுகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இது: 19 லிட்டர் டேங்குக்கு 200 பிஎஸ்ஐ தாங்கும், 100 பிஎஸ்ஐ-யில் 100 சதவீதம் ஓடும் ஒற்றைக் கம்ப்ரசரை எடுத்து, அதை 110–145 ஸ்விட்ச்சில் ஓட்டுங்கள். உச்சத்துக்கு வெகு கீழே ஓடும் கம்ப்ரசர் குறைவாகச் சூடாகும், அதன் பிஸ்டன் வளையம் நீடிக்கும். அதைவிடக் கூடுதல் நொடிகள் வேண்டுமென்றால் இரண்டு வழி. பெரிய டேங்க் வைப்பது எளிது, மலிவு. இடமே இல்லை என்றால் 165–200 ஸ்விட்ச் வைத்து, ஹாரனுக்கு முன்னால் ரெகுலேட்டர் போட்டு அழுத்தத்தை இறக்கிக் கொடுக்கலாம். மிக மோசமான நிலையிலும் 165-லிருந்து 95 வரை, 70 பிஎஸ்ஐ கையில் இருக்கும். அதற்கு விலை உண்டு: சேஃப்டி வால்வு 225 பிஎஸ்ஐ ஆக வேண்டும், டேங்க் அதற்கு மேல் தாங்க வேண்டும், ரெகுலேட்டர் அரை அங்குல ஓட்டம் விட வேண்டும். கால் அங்குல ரெகுலேட்டர் போட்டால் ஹாரன் மூச்சுத் திணறும்.

டயருக்கும் காற்று அடிக்க வேண்டும் என்கிறவர்கள் மட்டும் ஏஆர்பி நிறுவனத்தின் இரட்டைக் கம்ப்ரசர் போன்ற பெரியவற்றைப் பாருங்கள். மணலிலும் பாறையிலும் ஓட்டிவிட்டு நான்கு பெரிய டயரை நிரப்பும்போதுதான் அந்தப் பணத்துக்குப் பொருள் உண்டு. பழைய ஜீப்காரர்கள் ஏசி கம்ப்ரசராக வந்த யார்க் வகையை எஞ்சின் பெல்ட்டில் மாட்டி ஓட்டுவார்கள். காற்று ஏராளமாக வரும். ஆனால் பிராக்கெட், பெல்ட் நேர்கோடு, எண்ணெய் பிரிப்பான் என்று வேலை அதிகம். முதல் முறை செய்கிறவருக்கு அது வேண்டாம்.

ஏர் பிரேக் உள்ள பெரிய லாரிகளில் காற்று ஏற்கெனவே இருக்கிறதே என்று பிரேக் டேங்கில் கை வைக்காதீர்கள். ஹாரன் இழுக்கும் காற்று பிரேக்கின் காற்று. 60 பிஎஸ்ஐ அருகே எச்சரிக்கை அடிக்கும், அதற்கும் கீழே 45-லிருந்து 20-க்குள் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்கும். தனி டேங்கும், பிரேக் அழுத்தம் குறைந்தால் தானே மூடிக்கொள்ளும் பாதுகாப்பு வால்வும் இல்லாமல் அந்த லைனில் எதையும் இணைக்கக் கூடாது. அதை ஏர் பிரேக் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நான்காம் படி: குழாய், வால்வு, மரை

டேங்க் பெரிது, ஹாரன் அசல், ஆனாலும் சத்தம் சோர்ந்து வருகிறது என்றால் பத்தில் ஒன்பது இடத்தில் குற்றம் நடுவில்தான். பொத்தானை அழுத்தியதும் மின்சாரத்தால் திறந்து ஹாரனுக்குக் காற்று விடுவது சோலினாய்டு வால்வு. அரை அங்குல மரை கொண்ட சோலினாய்டு வால்வுக்குள் காற்று போகும் துளை கால் அங்குலமாக இருக்கலாம். விட்டம் பாதி என்றால் பரப்பு கால்பங்கு. வாங்கும்போது மரை அளவோடு உள்துளை அளவையும் கேளுங்கள். அதேபோல், அழுத்திச் செருகும் வகைப் பிளாஸ்டிக் குழாயில் அரை அங்குலம் என்பது வெளி விட்டம். உள்ளே முக்கால் பங்கு விட்டம்தான், பரப்பில் பாதிக்குச் சற்று மேல். அசல் ஹாரனுக்கு உள் விட்டமே அரை அங்குலம் உள்ள ரப்பர் ஹோஸ் போடுங்கள். டேங்கிலிருந்து ஹாரன் வரை இரண்டு மூன்று அடிக்கு மேல் போகாமல் பாருங்கள், எல்போவைக் குறையுங்கள். சோலினாய்டை ஹாரனுக்கு அருகில் வைத்தால் பொத்தானை அழுத்தியதும் பளிச்சென்று ஒலிக்கும். தூரத்தில் வைத்தால் முக்கி முனகித் தொடங்கும்.

கம்ப்ரசரோடு வரும் எஃகுப் பின்னல் ஹோஸை அறுத்துக் குறைக்காதீர்கள், அதை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் மாட்டாதீர்கள். கம்ப்ரசரின் வாயில் காற்று 100 டிகிரியைத் தாண்டிச் சூடாக வரும், பிளாஸ்டிக் இளகிப் பிய்த்துக்கொள்ளும். டேங்கின் காற்றைக் கம்ப்ரசருக்குத் திரும்ப விடாத செக் வால்வு அந்த ஹோஸின் டேங்க் முனையில் வர வேண்டும்.

மரைக்கு டெஃப்லான் டேப் வேண்டாம். பிய்ந்த துணுக்கு சோலினாய்டுக்குள்ளோ செக் வால்வுக்குள்ளோ போய் உட்கார்ந்தால் வால்வு மூடாது. திரவ சீலண்டை முதல் மரையை விட்டு அடுத்த மரையிலிருந்து தடவுங்கள். அமெரிக்கப் பொருள்களில் எல்லாம் அமெரிக்கத் தரமான என்பிடி மரை. இந்தியாவிலிருந்தோ இணையத்தில் மலிவாகவோ வரும் ஃபிட்டிங் பிரிட்டிஷ் தரமான பிஎஸ்பி மரையாக இருக்கலாம். கால் அங்குலத்தில் என்பிடி அங்குலத்துக்கு 18 மரை, பிஎஸ்பி 19. அரை அங்குலத்தில் இரண்டுமே 14 என்பதால் இதுதான் ஏமாற்றும்: கையால் நன்றாகவே ஏறும், ஆனால் மரையின் கோணம் என்பிடியில் 60 டிகிரி, பிஎஸ்பியில் 55 டிகிரி. எவ்வளவு சீலண்ட் தடவினாலும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாம் படி: எங்கே வைப்பது

பிக்கப்பில் பலரும் ஸ்டெப்னி தொங்கும் இடத்தைப் பயன்படுத்துகிறார்கள். இடம் தாராளம், ஆனால் ஸ்டெப்னி போய்விடும். டயர் வெடித்தால் என்ன செய்வீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். சேஸிஸ் சட்டத்தின் ஓரத்தில் டேங்கையும், பின்தட்டில் இருக்கும் டூல் பெட்டிக்குள் கம்ப்ரசரையும் வைப்பது எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு. பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். எஞ்சின் அறையும், சைலன்சர் குழாயின் அருகும் கூடாது.

வண்டிக்கு அடியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் கம்ப்ரசரின் காற்று உறிஞ்சும் வடிகட்டியை மட்டும் ஒரு குழாய் வழியாக உலர்ந்த உயரமான இடத்துக்குக் கொண்டு போங்கள். மழையில் நனைந்த வடிகட்டி வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அதோடு முடிந்தது. ஹாரன் குழலின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கு எதிரே வராமல் மாட்டுங்கள்.

ஆறாம் படி: ஒயர்

ஒற்றைக் கம்ப்ரசர் 20 முதல் 30 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ், பிறகு 40 ஆம்பியர் ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்; கால்களுக்கு எண் உண்டு) 30-ஆம் கால். 87-ஆம் காலிலிருந்து கம்ப்ரசருக்கு. சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு லைனை ஒரு டாகிள் ஸ்விட்ச், அதன் பிறகு பிரஷர் ஸ்விட்ச் வழியாக 86-க்குக் கொண்டு போங்கள். 85 எர்த். கம்ப்ரசர் மின்னோட்டத்தை நேராகப் பிரஷர் ஸ்விட்ச் வழியாக ஓட்டினால் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது, சேஃப்டி வால்வு சீறும்போதுதான் தெரியவரும். இரண்டு கம்ப்ரசர் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ்.

சாவி லைனில் இணைக்கச் சொல்வதற்குக் காரணம் கசிவு. எங்காவது சிறு கசிவு இருந்தால் இரவெல்லாம் கம்ப்ரசர் அடிக்கடி எழுந்து ஓடி, காலையில் பேட்டரி செத்திருக்கும்.

ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முன்னால் பேட்டரி, பின்னால் கம்ப்ரசர், போக வர 40 அடி என்று வைத்து 25 ஆம்பியருக்குப் போட்டால், 12 ஏடபிள்யூஜி (அமெரிக்க ஒயர் அளவு; எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்) ஒயரில் 1.6 வோல்ட் போகும், 10-இல் 1 வோல்ட், 8-இல் 0.6 வோல்ட். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாக ஓடும், நேரம் கூடும், சூடும் கூடும். பின்பக்கம் வைக்கும் கம்ப்ரசருக்கு 8 ஏடபிள்யூஜி (சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர்) போடுங்கள். அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசிய ஒயர் வேண்டாம். எர்த்தைப் பாடியில் அல்லாமல் சேஸிஸில், பெயிண்டைச் சுரண்டி, லக் வைத்து முறுக்குங்கள். 2015 முதல் வந்த எஃப்-150 வண்டிகளின் பாடி அலுமினியக் கலவை; எஃகு சேஸிஸ்தான் அங்கே சரியான இடம்.

ஏழாம் படி: சோதனை

ஹாரனை ஊதிப் பார்க்கும் முன், டேங்கை 145 வரை நிரப்பி எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் காற்றை முழுதாக இறக்கிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும். பிறகு ஓர் இரவு விட்டுவைத்துக் காலையில் மீட்டரைப் பாருங்கள். இரவுக் குளிரால் சில பிஎஸ்ஐ இறங்குவது இயல்பு. 10-க்கு மேல் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். இறங்கியது நின்றுவிடாமல் கம்ப்ரசர் பக்கம் லேசாகச் சீறல் கேட்டால் செக் வால்வு. ஹாரன் வாயில் மெல்லிய மூச்சு உணர்ந்தால் சோலினாய்டு.

ஊதிப் பார்க்கும்போது ஹாரன் நுழைவாயில் அருகே ஒரு மீட்டரைத் தற்காலிகமாக வையுங்கள். டேங்கில் 140 காட்டும்போது ஊதும் நேரத்தில் ஹாரன் பக்கம் 60-க்கு விழுந்தால் நடுவில் ஏதோ ஒன்று ஒல்லி. டேங்கைப் பெரிதாக்கியோ கம்ப்ரசரை மாற்றியோ அதைச் சரி செய்ய முடியாது. இரண்டு பக்கமும் ஒன்றாகவே இறங்கினால் டேங்க் சிறியது. ஒருமுறை ஊதிய பிறகு நிரம்ப அதிக நேரம் ஆகிறது என்றால், கம்ப்ரசர் ஓடும்போது அதன் முனையிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும் நிலையில் 13-க்குக் கீழே இருந்தால் ஒயரையும் எர்த்தையும் பாருங்கள், பிறகு வடிகட்டி. இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கம்ப்ரசரைச் சந்தேகப்படுங்கள்.

மாட்டிய முதல் மாதம் வாரம் ஒரு முறை டேங்கின் அடித் துளையைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் உங்கள் ஊர் ஈரத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போதும் என்பது தெரிந்துவிடும். மினசோட்டா, மிச்சிகன் பக்கம் குளிர்காலத்தில் அந்த இடைவெளியைப் பாதியாக்குங்கள். வடியாத தண்ணீர் சோலினாய்டுக்குள் உறைந்தால் வால்வு திறந்த நிலையிலேயே சிக்கி, டேங்க் தீரும் வரை ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்காகவே டேங்குக்கும் சோலினாய்டுக்கும் நடுவில் கையால் மூடும் பால் வால்வு ஒன்றை, அதுவும் முழுத் துளை உள்ளதாக, போட்டு வையுங்கள். வண்டியை சர்வீஸுக்கு விடும்போதும் அதை மூடிவிட்டுக் கொடுங்கள்.